அம்மா சொன்ன பதினோரு சுலபச் சமையல்

1

பிரான்சில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சங்கம் இந்தத் தீபாவளிக்கு ஒரு சின்னப் புத்தகம் போட்டிருக்கிறது. இருபத்துநான்கு பக்கம், மஞ்சள் அட்டை, அட்டையில் ஆவி பறக்கும் கிண்ணம். 'சமைக்க மனமில்லாத நாளில்' என்று பெயர். உள்ளே பதினோரு சமையல் குறிப்புகள். எழுதியது நான், சொன்னது என் அம்மா. வேலை முடிந்து களைத்து வருகிறவர்கள் எதையும் கால் மணி நேரத்தில் செய்துவிடலாம் என்று முதல் பக்கத்தில் செயலாளர் எழுதியிருக்கிறார். அது உண்மைதான்.

அவருக்குத் தெரியாத ஒன்றும் அதில் இருக்கிறது. அந்தப் பதினொன்றையும் வரிசை மாறாமல் படித்தால், என் அம்மா தொண்டையில் கட்டி வந்து, ஒவ்வொரு சாப்பாடாகக் கைவிட்டு, கடைசியில் தண்ணீரும் இறங்காமல் செத்துப்போனது தெரியும். நான் அதைச் சமையல் குறிப்பு என்று நினைத்து மாதாமாதம் எழுதி எடுத்துக்கொண்டேன்.

முன்னுரை கேட்டார்கள், கொடுக்கவில்லை. இங்கே இருக்கிறவர்களுக்கு எழுத முடியாததை ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் மகளோ மகனோ போனில் 'என்ன சாப்பிட்டே?' என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள் என்று உங்களிடம் கேட்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் என் அம்மா எதையும் மறைத்துச் சொல்லவில்லை. கேட்டவள்தான் சரியில்லை.

2

நான் மரக்காணத்துக்காரி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரிக்குப் பேருந்தில் போனவர்கள், ஓலை போட்டு மூடிய உப்புக் குவியல்களை ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். பாத்தியிலிருந்து தலைச்சுமையாக அந்த உப்பைக் கொண்டுவந்து கொட்டியவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. முப்பது வருடத்துக்கு மேல் அதே வேலை. நான் பள்ளியில் படிக்கும்போதே அப்பா போய்விட்டார். நான் ஒரே பெண். கல்யாணமாகி பிரான்சுக்கு வந்து பதினைந்து வருடம் ஆகிறது. எத்தனையோ முறை கூப்பிட்டும் அம்மா வரவில்லை. "அங்க வந்து நான் யாரோட சண்ட போடறது?" என்பாள்.

இங்கே என் பிழைப்பு இது: விடிந்ததும் அலுவலகங்களைத் துடைக்கிறேன். மதியம் ஒரு பள்ளிக்கூடத்து உணவுக்கூடத்தில் தட்டு அடுக்குகிறேன். பிள்ளைகள் மிச்சம் வைத்ததையெல்லாம் வழித்துக் கொட்டிவிட்டு வீட்டுக்கு வரும்போது, ஒரு வெங்காயத்தைப் பார்த்தால்கூட எனக்கு எரிச்சலாக வரும். வீட்டுக்காரருக்குக் கிடங்கில் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. மகள் நிஷாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கார்ன்ஃபிளேக்ஸைக் குளிர்ந்த பாலில் கொட்டித் தின்றுவிட்டு, சாப்பாடு ஆயிற்று என்று கதவைச் சாத்திக்கொள்வாள். அவளோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பு இருக்காது.

2004 ஜூலையில் சங்கத்துச் செயலாளர் துரை அண்ணன் ஒரு வேலை சொன்னார். சங்கம் மாதம் ஒருமுறை நாலு பக்கத்துக்கு ஒரு இதழ் போடும், ஜெராக்ஸ்தான். "சமைக்கச் சோம்பலா இருக்கற அன்னிக்கு செய்யற மாதிரி, உங்க ஊரு பக்கத்து ஐட்டமா எழுதிக் குடும்மா," என்றார். எனக்கு எங்கே தெரியும்? அம்மாவைக் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்களுக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கு நான் கூப்பிடுவேன். அம்மா பேருந்து நிறுத்தத்துப் பக்கம் இருக்கும் டெலிபோன் பூத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பாள். கூட வள்ளியக்கா இருப்பாள், பக்கத்து வீடு, அம்மாவோடு உப்பளத்தில் வேலை செய்தவள்.

"சமைக்கவே புடிக்காத அன்னிக்கு நீ என்னாம்மா பண்ணுவே?" என்று கேட்டேன்.

அம்மா சிரித்தாள். "புடிக்கலன்னா யாரு வுட்டா? அளத்துலேர்ந்து வந்து குந்தினா எழுந்திருக்க முடியாது. நெத்திலிக் கருவாட்ட தணல்ல போட்டுப் பெரட்டு. ரெண்டு மிளகா, ஒரு பச்ச வெங்காயம், எல்லாத்தையும் அம்மியில வச்சி ஒரு நசுக்கு நசுக்கு. பழைய சோத்துக்குத் தொட்டுக்கினு துன்னுட்டுப் படுத்துடுவேன்."

"உப்பு?"

"கருவாட்டுலயே இருக்குதுடி. அதுக்கு மேல ஒரு கல்லு போட்டாத்தான் எனக்கு எறங்கும்."

அம்மாவுக்கு உப்பு தூக்கலாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் உப்பைக் கடையில் வாங்கியதே கிடையாது. அளத்துக் கல்லுப்பு ஒரு சட்டி நிறைய அடுப்படியில் இருக்கும், அம்மா அதில் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் போடுவாள். கல்யாண வீட்டில் சாம்பாரில் உப்புக் குறைந்தால், "இன்னாடி இது, ஆஸ்பத்திரி சோறாட்டம்" என்று பந்தியில் உட்கார்ந்தபடியே சத்தமாகச் சொல்வாள். எனக்கு மானம் போகும். அவளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

3

இரண்டாவது மாதம் முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை. மூன்றாவது, மீந்த சோற்றில் பூண்டும் மிளகாயும் தாளித்துப் புரட்டியது. சங்கத்துக் கூட்டத்தில் அடையைப் பற்றி மட்டும் நாலைந்து பேர் வந்து சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுத்தாளர் ஆகிவிட்டேன் என்றே நினைத்தேன்.

நாலாவது, குழம்பு கொதிக்கும்போது முட்டையை உடைத்து ஊற்றுவது. நவம்பரில் ரவை உப்புமா. ஆனால் தண்ணீர் இரண்டு பங்கு அதிகம். "கொழகொழன்னு கஞ்சியாட்டம் கிண்டிக்க," என்றாள். நான் ஊரில் இருந்தவரை உப்புமா என்றாலே முகத்தைச் சுளித்தவள் அம்மா. "என்னாம்மா திடீர்னு?" என்று கேட்டேன். "எனக்கு மெல்லறதுக்கு அலுப்பா இருக்குதுடி," என்றாள். அறுபதைத் தாண்டினவளுக்குப் பல் ஆடும், அலுப்பாகத்தான் இருக்கும் என்று நானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டேன்.

டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது. மூன்று நாள் பூத்துக்கு லைன் கிடைக்கவில்லை. தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப அதே தண்ணீர். இங்கே வேலை செய்கிற இடத்தில் எல்லோரும் என் தோளைத் தொட்டுத் தொட்டுப் பேசினார்கள். நாலாம் நாள் வள்ளியக்கா குரல் வந்தது. குப்பத்தில் பல வீட்டில் சாவு, அளமெல்லாம் சேறு, ஆனால் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை, அம்மா நன்றாக இருக்கிறாள். நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அலைக்கே தப்பித்துவிட்டாள், இனி அவளுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று அன்றைக்கு நினைத்தேன். அதற்கப்புறம் நாலைந்து மாதத்துக்கு அவளைப் பற்றிக் கவலைப்படுவதையே விட்டுவிட்டேன்.

அந்த மாதம் குறிப்பு எழுதவில்லை. ஜனவரியில் அம்மா சொன்னது, பாலில் ஊறப்போட்டு மசித்த ரொட்டி. நிவாரணமாக ரொட்டி வருகிறது போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். 'குழந்தைகளும் விரும்பி உண்பர்' என்று ஒரு வரி சேர்த்தேன். பிப்ரவரியில் மோரில் ஊறவைத்த அவல். மார்ச்சில் கூழ். "தொட்டுக்க வெங்காயம், மோர்மிளகா?" என்று கேட்டேன். "ஒண்ணும் வேணாம். அப்படியே குடிச்சிடு," என்றாள். கூழுக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாமல் எப்படி எழுதுவது? வெங்காயமும் மோர்மிளகாயும் நானே போட்டுக்கொண்டேன்.

ஏப்ரலில் நொய்க்கஞ்சி சொன்னாள்.

"உப்பு எவ்ளோம்மா?"

"உப்பு வேணாம்."

"என்னாது? உப்பு வேணாமா?"

"இப்பல்லாம் புடிக்கல. நீ எழுதிக்க, உப்பு வேணாம்."

இரத்தக் கொதிப்புக்கு நல்லதுதான், யாரோ டாக்டர் சொல்லியிருப்பார் என்று நினைத்து, "ரொம்ப நல்ல பழக்கம்மா," என்று பாராட்டவும் செய்தேன். இதழுக்கு எழுதும்போது, உப்பு இல்லாமல் குறிப்பைப் பார்த்தால் எழுதினவள் மறந்துவிட்டாள் என்று நினைப்பார்களே என்று, 'உப்பு – தேவையான அளவு' என்று போட்டேன். என் அம்மா உப்பு வேண்டாம் என்கிறாள் என்று மரக்காணத்தில் எந்த வீட்டில் சொல்லியிருந்தாலும், அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டிருப்பார்கள். நான் அந்த ஊரில் பிறந்தவள்தான். கேட்கவில்லை.

கேட்டது நிஷா ஒருத்திதான். அவளுக்கும் என் அம்மாவுக்கும் இடையே மொத்தம் நாலு வார்த்தை. 'ஆயா, நல்லா இருக்கியா, சாப்ட்டியா, வைக்கறேன்.' அன்றைக்கு அந்த நாலையும் சொல்லிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தவள், பிரெஞ்சில் சொன்னாள்: "ஆயா ஏன் வாயில தண்ணி வச்சிக்கிட்டு பேசறாங்க?"

"உனக்குத் தமிழ் புரியல, அதனாலதான் அப்படிக் கேக்குது," என்று கடிந்துகொண்டேன்.

பேச்சு புரியாத பிள்ளைக்குக் குரல் காதில் விழுந்திருக்கிறது. எனக்குப் பேச்சு மட்டும்தான் விழுந்தது. அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

4

அந்த வருடம் முழுக்க எனக்கு இருந்த பெரிய கவலை என் குடியிருப்பு அட்டை. நாங்கள் வீடு மாறியதில் என் கோப்பு ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொரு அலுவலகத்துக்குப் போனது. போன இடத்தில் வரவில்லை என்றார்கள், அனுப்பின இடத்தில் அனுப்பிவிட்டோம் என்றார்கள். பழைய அட்டை காலாவதியாகிவிட்டது. கையில் இருந்தது ஒரு சந்திப்புச் சீட்டு மட்டும். அதை வைத்துக்கொண்டு நாட்டை விட்டுப் போனால் திரும்ப விடமாட்டார்கள். அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை பேசுகிற பேச்சில் பாதி இந்தப் புலம்பல்தான். அவள் ஊம், ஊம் என்று கேட்பாள்.

மே மாதம் ஒரு ஞாயிறு. போனை வள்ளியக்கா எடுத்தாள். "அமுதா, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்," என்றாள். "ஏன்க்கா, என்ன?" என்று கேட்பதற்குள் அம்மா போனை வாங்கிவிட்டாள். அன்றைக்கு எனக்கு மனசு சரியாக இல்லை. மறுநாள் வேலைக்கு முடியாது என்று சொல்லிவிட்டு அட்டை அலுவலகத்தில் போய் நின்றேன்.

ஜன்னலுக்குப் பின்னால் என் வயதுப் பெண். திரும்பி வர விடச் சொல்லி ஒரு பயணக் கடிதம் மட்டும் கொடுத்தால் போதும், போய்விட்டு வந்துவிடுகிறேன் என்றேன். காரணம் கேட்டாள். அம்மாவுக்கு முடியவில்லை என்று சொல்ல வேண்டும். பதினாலு வருடம் இங்கே தரையைத் துடைத்திருக்கிறேன், அந்த நேரத்தில் எனக்குப் பிரெஞ்சில் வாயில் வந்தது, 'அம்மா களைத்திருக்கிறார்' என்பதுதான். அவள் கணினியைப் பார்த்தபடி, "அப்படியானால் ஓய்வெடுக்கச் சொல்லுங்கள்," என்றாள். அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள்.

வெளியே வந்து பேருந்துக்கு நிற்கும்போது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். போக முடியாது என்று இன்னொருத்தி சொல்லிவிட்டாள். இனி போகாமல் இருப்பது என் குற்றம் இல்லை.

அடுத்த ஞாயிறு அம்மாவிடம் கேட்டேன். "நான் வேணா எப்படியாவது வந்துட்டுப் போகட்டுமா?"

"கார்டு வந்துடுச்சா?"

"இல்ல."

"அப்பறம் எப்படி வருவே? திரும்பி வுடலன்னா அந்தப் புள்ளைய யாரு பாப்பா? எழுதிக்க, இந்த மாசத்துக்கு ஜவ்வரிசிக் கஞ்சி."

நான் பேனாவை எடுத்தேன்.

5

பதினோராவது, ஜூனில் சொன்னது. "அரிசியக் கொழைய வேகவச்சி, அந்தக் கஞ்சித் தண்ணிய மட்டும் வடிகட்டிக்க. துணியில வடிகட்டணும், திப்பி இருக்கக் கூடாது. ஆறவச்சி கரண்டி கரண்டியா குடிக்கணும்." சொல்லி முடிப்பதற்குள் இரண்டு மூன்று முறை நிறுத்தினாள்.

"இதுல என்னாம்மா சமையல் இருக்குது?" என்று சிரித்தேன்.

"அவ்ளோதான்," என்றாள்.

அதற்கும் மிளகுத்தூளும் தேவையான அளவு உப்பும் போட்டு அனுப்பினேன். 'மிக எளிது' என்று தலைப்புக்குக் கீழே எழுதினேன்.

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை, உணவுக்கூடத்தில் தட்டுகளைக் கழுவும் இயந்திரத்துக்குள் அடுக்கிக்கொண்டிருந்தபோது வள்ளியக்கா கூப்பிட்டாள். காலையில் போய்விட்டாளாம்.

இறப்புச் சான்றிதழைப் பாண்டிச்சேரியிலிருந்து ஃபேக்ஸில் வரவழைத்து, அதைப் பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, முத்திரை வாங்கி, அலுவலகத்தில் மறுபடி இடம் பிடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. அதே பெண்தான். தாளைப் படித்தாள். எழுந்து நின்று வருத்தம் தெரிவித்தாள். இருபது நிமிடத்தில் பயணக் கடிதத்தைக் கையில் கொடுத்தாள். அம்மாவுக்கு முடியவில்லை என்றால் அங்கே படிவம் இல்லை. செத்துவிட்டால் இருக்கிறது.

காரியத்துக்கு முந்தின சாயங்காலம் மரக்காணம் போய் இறங்கினேன். பங்காளி மகன் ஒருவன் கொள்ளி வைத்திருந்தான். வீட்டில் வள்ளியக்கா மட்டும் இருந்தாள், எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

"எப்போலேர்ந்துக்கா?" என்றேன்.

"போன வருசம் ஆவணிலேர்ந்தே சோறு மாட்டுது மாட்டுதுன்னா. பொங்கலுக்கு அப்பறம் பாண்டி பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் இட்டுக்கினு போனேன். டியூப் வுட்டுப் பாத்தாங்க. கட்டியாம், முத்திப்போச்சாம். கட்டியக் கருக்கக் கரண்ட் வைக்கலாம்னாங்க, ஆனா தாங்க மாட்டான்னும் அவங்களே சொன்னாங்க. உப்பு பட்டாலே துடிச்சிப் பூடுவா."

"எனக்கு ஏன்க்கா சொல்லல?"

"என் தலமேல கைய வச்சி சத்தியம் வாங்கிக்கினா. நீ வாரா வாரம் அந்தக் கார்டு கதையத்தான சொல்லிக்கினு இருந்தே? அவ காதுல அதான் வுழுந்துது. சொன்னா ஓடியாந்துடும், அப்பறம் திரும்பிப் போவ முடியாது, என்னால குடும்பம் ரெண்டாப் பூடும்னா."

"போன்ல ஒரு வார்த்த காட்டிக்கலியே."

வள்ளியக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "காட்டிக்கலியா? மாசா மாசம் சொன்னாளேடி. எது எறங்குச்சோ அதத்தான சொன்னா. வேற சமையல் சொல்ல அவளுக்குத் தெரியாதா? நண்டுக் குழம்பு சொல்லத் தெரியாதா?"

சத்தியம் வாங்கினவளே மாதாமாதம் என்னிடம் சொல்லிக்கொண்டும் இருந்திருக்கிறாள். தெரியக்கூடாது என்று நினைத்தாளா, நானாகத் தெரிந்துகொண்டு வந்தால் வரட்டும் என்று நினைத்தாளா? இதைக் கேட்க இனி ஆள் இல்லை. இன்றுவரை ஒரு நாளைக்கு ஒரு பதிலாக நானே சொல்லிக்கொள்கிறேன்.

நான் அனுப்பிய இதழ்கள் பரணில் ஒரு பையில் இருந்தன. வள்ளியக்கா எட்டாவது வரை படித்தவள், வந்ததும் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவாளாம். நொய்க்கஞ்சி வந்த இதழைப் படித்தபோது, "உப்பு தேவையான அளவுன்னு போட்டிருக்காளே, நீ வேணாம்னுதான சொன்னே?" என்று கேட்டாளாம்.

"அதுக்கு உங்கம்மா, 'போட்டுக்கட்டும். அவளுக்கு நல்லா எறங்கணும்'னா," என்றாள் வள்ளியக்கா.

நான் டீயைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டு அழுதேன். அவள் தடுக்கவில்லை.

6

திரும்பி வந்தேன். பயணக் கடிதத்தில் திரும்ப விட்டார்கள். அக்டோபரில் அட்டையும் வந்தது, பத்து வருடத்துக்குச் செல்லும். போட்டோவில் நான் செத்தவள் மாதிரி இருக்கிறேன்.

இந்த ஜூலையில் முதல் வருட திவசத்தை இங்கேயே செய்தேன். அவளுக்குப் பிடித்ததையெல்லாம் படையல் போட வேண்டும். நண்டு வாங்கினேன், கருவாடு வறுத்தேன், அடை மொறுமொறுவென்று சுட்டேன். எல்லாம் கடித்து மென்று தின்கிற சாமான். உப்பை ஒரு பிடி கூடவே போட்டேன். இலைக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டு நின்றபோது, நிஷா என் பக்கத்தில் வந்து, "ஆயாவால இதெல்லாம் சாப்பிட முடியாதே?" என்றாள். இந்தத் தடவை தமிழில் சொன்னாள். ஒரு வருடமாக வீட்டில் அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அந்த வாக்கியம் வந்துவிட்டது. அவள் தமிழ் பேச மாட்டாளா என்று நான் ஏங்கியது இதற்காக இல்லை.

செப்டம்பரில் துரை அண்ணன் குறிப்புகளைப் புத்தகமாகப் போடலாம் என்றார். வேண்டாம் என்றேன். "ஏம்மா, எல்லாரும் கேக்கறாங்க, டைப் பண்ணி ரெடியா இருக்குது," என்றார். அம்மா எதனால் இறந்தாள் என்று சங்கத்தில் யாரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை. வயசாகிவிட்டது என்றே சொல்லி வைத்திருந்தேன். இப்போது காரணத்தைச் சொன்னால் முழுக்கச் சொல்ல வேண்டிவரும். அதற்குப் பயந்து சரி என்றுவிட்டேன். திருத்திக் கொடுக்கிறேன் என்று தாள்களை வாங்கி வந்து, நான் சேர்த்ததையெல்லாம் அடித்தேன். வெங்காயம், மோர்மிளகாய், மிளகுத்தூள். கடைசி மூன்று குறிப்புகளில் உப்பு. 'குழந்தைகளும் விரும்பி உண்பர்' என்பதையும் அடித்தேன். மற்றபடி அம்மா சொன்னபடியே, அவள் சொன்ன வரிசையிலேயே வந்திருக்கிறது. துரை அண்ணன் போனில், "உப்பு விட்டுப் போயிருக்குதேம்மா?" என்றார். விட்டுப்போகவில்லை என்று மட்டும் சொன்னேன். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், சந்தேகம் கேட்க என்று என் வீட்டு எண்ணையும் போட்டுவிட்டார்.

7

தீபாவளி முடிந்து ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"சமையல் புக்கு எழுதினவங்களா? நான் சலீம் பேசறேங்க. தெற்குப் பக்கம் ஒரு ஊர்ல ஓட்டல்ல வேல செய்யறேன். சொந்த ஊரு கோட்டக்குப்பம்."

பாண்டிச்சேரி எல்லையில் இருக்கும் ஊர். எங்கள் ஊரிலிருந்து ஒரு பேருந்தில் போய்விடலாம். ஊர்க்காரர் குரல் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. புக்கு நல்லா இருக்குதா என்று கேட்டேன்.

"ரொம்ப உதவியா இருக்குதுக்கா. இங்க ஒரு நண்பர் குடுத்தாரு. எங்கம்மாவுக்குத் தொண்டையில பிரச்சன, ஊர்ல இருக்காங்க. எதக் குடுத்தாலும் எறங்கலன்னு தங்கச்சி அழுவுது. நான் உங்க புக்கப் பாத்து ஒவ்வொண்ணா போன்ல சொல்றேன், அது செஞ்சி குடுக்குது. அந்த நொய்க்கஞ்சி ஒரு வாரம் ஓடிச்சு. அப்பறம் ஜவ்வரிசி. அல்லா புண்ணியத்துல அதுவும் நாலு நாளு எறங்குச்சு."

நான் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தேன்.

"இப்ப அந்தப் பதினோராவது குடுத்துக்கினு இருக்காங்க. அதுவும் நேத்துலேர்ந்து நிக்கலியாம், வெளிய வந்துடுதாம். அதான் கேக்கலாம்னு. இதுக்கு அப்பறம் என்னா குடுக்கலாம்க்கா? பன்னெண்டாவது ஏதாவது எழுதி வச்சிருக்கீங்களா?"

"பன்னெண்டாவது இல்ல தம்பி," என்றேன்.

அவர் பக்கம் ஓட்டல் சமையலறையில் பாத்திரம் விழும் சத்தம் கேட்டது.

"நீங்க கெளம்பிப் போங்க. இன்னைக்கே டிக்கெட் பாருங்க."

"எனக்கு இன்னும் கார்டு வரலீங்க. பேப்பரு உள்ள இருக்குது, ஒரு வருசமா அலையறேன். போனா திரும்பி வுடுவாங்களாக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த அலுவலகத்துப் பெண் மாதிரி ஓய்வெடுக்கச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அம்மா மாதிரி, இருக்கும் இடத்தில் இரு என்றும் சொல்லியிருக்கலாம். அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை உண்டா, ஊரில் அவர் அனுப்புவதை நம்பி எத்தனை பேர் இருக்கிறார்கள், எனக்குத் தெரியாது.

"வுட மாட்டாங்க," என்றேன். "இருந்தாலும் போங்க தம்பி."

ஓட்டல் சத்தம் குறைந்தது, வெளியே வந்துவிட்டார் போலிருக்கிறது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இது உங்க அம்மா சொன்ன சமையல்னு புக்குல போட்டிருக்குது. அவங்களுக்கும் இதே மாதிரியாக்கா?"

"ஆமா."

"நீங்க போனீங்களா?"

"பதினாறாம் நாளுக்குப் போனேன்," என்றேன்.